வன்னியில காணி, தண்ணி, காடு எண்டு வழக்காட வாற பிள்ளைக்கு

தங்கச்சி, நீர் கேட்டதை முதல்ல சுருக்கமாச் சொல்லிப்போட்டு பதிலுக்கு வாறன், வாசிக்கிற மற்றாக்களுக்கும் விளங்க வேணும். சட்டக்கல்லூரி முடிச்சு சத்தியப்பிரமாணமும் எடுத்தாச்சு, சொந்த இடம் கிளிநொச்சி, கொழும்பில நிக்க விருப்பமில்லை, ஊரில இருந்துகொண்டு அரச காணி, குளத்துத் தண்ணி, காடு, மணல் எண்டு இந்த வழக்குகளையே தொழிலாச் செய்யலாமோ, எங்க இருந்து தொடங்கிறது, சீவியம் போகுமோ எண்டு கேட்டிருக்கிறீர்.

செய்யலாம். செய்யத்தான் வேணும், ஏனெண்டா இந்தப் பக்கத்தை ஊன்றிப் பாக்கிற சட்டத்தரணிமார் வன்னியில காணாது. ஆனா ஒண்டை இப்பவே மனசில வைச்சுக்கொள்ளும். இந்தத் துறையில வெல்லுறதும் தோக்கிறதும் கோட்டுக்குள்ள இல்லை. நீதவானுக்கு முன்னால நீர் எழும்பி நிக்கிற நேரம் முக்கால்வாசி முடிஞ்சு போயிருக்கும், அதுக்கு முந்தி பிரதேச செயலகத்திலயும் கமநல சேவை நிலையத்திலயும் நில அளவைத் திணைக்களத்திலயும் என்னென்ன கடதாசி எடுத்து வைச்சனீர் எண்டதில தான் எல்லாம் தங்கியிருக்கு. இது அனுபவக் கதை மட்டுமில்லை, சட்டமே அப்பிடித்தான் எழுதியிருக்கு.

1979ஆம் ஆண்டு 7ஆம் இலக்க அரச காணி மீளப்பெறும் சட்டத்தை எடுத்துப் பாரும். தகுதியுள்ள அதிகாரி எண்டு சொல்லப்படுறவர், எங்கட பக்கம் பெரும்பாலும் பிரதேச செயலாளர் (டி.எஸ்) அல்லது காட்டு இலாகா, நீர்ப்பாசன அதிகாரி, இது அரச காணி, இந்தாள் அதிகாரமில்லாமல் இருக்கிறார் எண்டு நினைச்சா வெளியேறச் சொல்லி நோட்டீஸ் குடுப்பார், குறைஞ்சது 30 நாள் தவணை. போகாட்டி நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் வரும். அங்க 9ஆம் பிரிவு என்ன சொல்லுது? அரசாங்கம் சட்டப்படி தந்த செல்லுபடியான பெமிட் அல்லது எழுத்து மூல அதிகாரம் இருக்கு, அது இன்னும் ரத்தாகேல்லை எண்டு காட்டினாச் சரி, வேற ஒண்டும் கதைக்க ஏலாது. முப்பது வருசமா இருந்தம், கிணறு வெட்டினம், தென்னை வைச்சம், பிள்ளையள் இஞ்சதான் பிறந்தது எண்டு எவ்வளவு சொன்னாலும் எடுபடாது. அதிகாரியைக் கூப்பிட்டு இது அரச காணி எண்டதுக்கு சாட்சி கேக்கவும் நீதவானுக்கு அதிகாரமில்லை. வெளியேற்றக் கட்டளைக்கு மேன்முறையீடும் இல்லை. சீராய்வு மனு போடலாம், ஆனா அடிப்படையில கடதாசி இல்லாட்டி அதுவும் நிக்காது. காணி உண்மையில சொந்த உறுதிக் காணி எண்டா 12ஆம் பிரிவின் கீழ ஆறு மாசத்துக்குள்ள அரசாங்கத்துக்கு எதிரா மாவட்ட நீதிமன்றத்தில உரிமை கோரி வழக்குப் போடலாம், ஆனா ஆள் அதுக்குள்ள வெளியில.

அப்ப நோட்டீஸ் வந்த உடன என்ன செய்யிறது எண்டா, அந்த நோட்டீசையே தாக்க வேணும், எழுத்தாணை கேட்டு, அதாவது அதிகாரியின்ர முடிவை ரத்தாக்கச் சொல்லி மேல் கோட்டுக் கட்டளை கேட்டு. முந்தி மாகாண மேல் நீதிமன்றத்தில போடலாம் எண்டு கன பேர் போட்டவை. 2013 செப்டெம்பரில சோலைமுத்து ராசு வழக்கில உயர் நீதிமன்றம் அரச காணி நோட்டீசுக்கு எதிரா எழுத்தாணை குடுக்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை எண்டு சொல்லிப்போட்டுது. அரசியலமைப்பின்ர 13ஆவது திருத்தத்தில காணி மாகாணத்துக்கு எண்டு எழுதியிருந்தாலும் அரச காணி குடியரசின்ர கையிலதான் இருக்கு எண்டது அந்தத் தீர்ப்பின்ர சாரம். இப்ப ஒட்டுசுட்டானில இருக்கிற கமக்காரன் ஒரு நோட்டீசை எதிர்க்கிறதெண்டா கொழும்பில மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேணும், அரசியலமைப்பின்ர 140ஆம் உறுப்புரையின் கீழ. பஸ் காசு, சீனியர் காசு, இங்கிலிசில மனு. எனக்கு இது பெரிய அநியாயமாத்தான் படுது, மாகாணத்துக்கு நீதிமன்றத்தைத் தந்துபோட்டு அந்த மாகாணத்தின்ர ஆகப்பெரிய பிரச்சினையை அதுக்கு வெளியில வைச்சிருக்கினம். ஆனா அதுதான் இப்பத்தைய சட்டம், அதுக்கு ஏத்த மாதிரி கொழும்பில நம்பிக்கையான ஒரு சீனியரோட தொடர்பு வைச்சிருக்கிறது இந்தத் தொழிலுக்கு கட்டாயம். அடிப்படை உரிமை மனுவெண்டா உயர் நீதிமன்றம், 126ஆம் உறுப்புரை, ஒரு மாசம்தான் தவணை. அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமை ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்து விசாரணை உண்மையில நடந்துகொண்டிருந்தா அந்தக் காலம் கணக்கில வராது, ஆனா முறைப்பாட்டுத் துண்டை மட்டும் காட்டித் தப்பலாம் எண்டு நினைக்காதையும், விசாரணை நடக்குது எண்டதைக் காட்ட வேணும்.

ஆர் வந்து இருந்தாலும் நீர் கேக்க வேண்டிய முதல் கேள்வி, இந்தத் துண்டு எந்தத் திணைக்களத்தின்ர கையில இருக்கு எண்டதுதான். சனம் "எங்கட காணி" எண்டுதான் கதைக்கும், அது நியாயம், ஆனா பாதை அதால தீராது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துப் பெமிட்டோ, அளிப்போ, அரச காணிக் கட்டளைச் சட்டத்துக் குத்தகையோ, வர்த்தமானியில போட்ட ஒதுக்குக் காடோ, வனஜீவராசிகளின்ர சரணாலயமோ, குளத்து அலைகரையோ (தண்ணி ஏறி வத்திற கரைநிலம்), மகாவலிக்குள்ள விழுந்த மணலாறுப் பக்கமோ, தொல்லியல் ஒதுக்கோ, இல்லாட்டி உண்மையா உறுதிக் காணியோ. ஒவ்வொண்டுக்கும் சட்டம் வேற, அதிகாரி வேற, தவணை வேற. ஒரே வேலிக்குள்ள மூண்டு வகையும் இருக்கிறதும் உண்டு. இதுக்கெல்லாம் அடியில 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்க முடிக்காணிக் கட்டளைச் சட்டம் கிடக்கு, காடு, தரிசு, ஆள் இல்லாத, பயிரில்லாத நிலம் எல்லாம் மறுத்து நிரூபிக்கும் வரைக்கும் அரசாங்கத்தின்ர எண்டு. வன்னி மாதிரி காடு கூடின, சனம் குறைஞ்ச இடத்துக்கு அந்த ஒரு ஊகம் என்ன செய்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாரும். இண்டைக்கும் வழக்கில நிரூபிக்கிற சுமை எங்கட பக்கம் நிக்கிறதுக்கு வேர் அதுதான்.

பெமிட் காணிதான் உம்மட மேசைக்கு கூட வரும். 1930களில இருந்து குளங்களுக்குக் கீழ குடியேற்றத் திட்டங்கள், பிறகு மத்திய வகுப்புக் காணி, படிச்ச வாலிபர் திட்டம், 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில இருந்தும் தெற்கில இருந்தும் வந்து கடதாசி இல்லாமல் காடு வெட்டி இருந்த சனம், இயக்கக் காலத்தில குடுபட்ட காணி, எல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டா இருக்கு. 1935ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி பெமிட் காணியை அனுமதியில்லாமல் விக்க, குத்தகைக்குக் குடுக்க, அடகு வைக்க ஏலாது. வாரிசும் தேசவழமைப்படி, அதான் வடக்குத் தமிழரின்ர வழக்காற்றுச் சட்டப்படி, போகாது. இது சனத்துக்கு விளங்கிறதே இல்லை. தகப்பன் தன்ர மூண்டு ஏக்கர் வயலை மூத்த மகளுக்குச் சீதனம் எண்டு சபையில சொல்லிக் குடுத்திருப்பார், மருமகன் இருபது வருசம் செய்திருப்பார், பெமிட் லெட்ஜரில பின்னுரித்தாளர் (பெமிட்காரருக்குப் பிறகு காணி போய்ச் சேர வேண்டியவர்) பேர் இன்னும் வேற ஆளா இருக்கும். பின்னுரித்தாளரை நியமிக்காமல் ஆள் செத்தா மூண்டாம் அட்டவணைப்படி போகும், அதில 2022இல திருத்தம் வரும் வரைக்கும் ஆம்பிளைப் பிள்ளைதான் முன்னுக்கு, அதிலயும் மூத்தவர். எத்தினை பொம்பிளைப் பிள்ளையள் தாய் தகப்பனைக் கடைசி வரைக்கும் பாத்து, வயலையும் செய்து, பேருக்கு ஒண்டுமில்லாமல் நிண்டவை எண்டு இந்தப் பக்கம் வேலை செய்யிற எல்லாருக்கும் தெரியும். திருத்தத்துக்கு முந்தி நடந்த சாவுகளின்ர வாரிசுப் பிரச்சினை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கும், அதால பழைய அட்டவணையையும் படிச்சு வையும்.

இன்னொண்டு, பெமிட்காரர் செத்து ஆறு மாசத்துக்குள்ள பின்னுரித்தாளர் காணிக்குள்ள போகாட்டி வாரிசு தவறினது எண்டு அந்தச் சட்டம் சொல்லுது. 2008, 2009இல செத்தவையின்ர குடும்பம் எங்க நிண்டது? முள்ளிவாய்க்காலிலும் மெனிக் பாம் முகாமிலும். ஆறு மாசத்துக்குள்ள ஆர் போய் வயலில நிக்கிறது. மரணச் சான்றிதழே கன பேருக்கு இல்லை, காணாமல் போன மனுசனுக்கு மனுசி என்னத்தை வைச்சு வாரிசு எடுக்கிறது. வடக்கு கிழக்குக்கெண்டு காணி ஆணையாளர் நாயகம் விட்ட 2013/01 சுற்றறிக்கை இப்பிடியான சிக்கலுகளுக்குத்தான் வந்தது, காணாமல் போனவைக்கு சாவுப் பதிவுக்குப் பதிலா காணாமற்போன சான்றிதழ் எடுக்கிற வழியும் பிறகு வந்தது. குடும்பத்தை அதில ஒரு முடிவு எடுக்கச் சொல்லி நீர் அவசரப்படுத்தக் கூடாது. மனுசன் திரும்பி வருவார் எண்டு இருக்கிற ஒரு பொம்பிளைக்கு அந்தச் சான்றிதழ் வெறும் கடதாசி இல்லை. காணிப் பக்கம் எந்தத் தவணை ஓடுது, எது ஓடேல்லை எண்டதை மட்டும் தெளிவாச் சொல்லிப்போட்டு விடும்.

காட்டு இலாகாவின்ர வழக்கு வேற மாதிரி. சனம் 1990களில இடம்பெயர்ந்து 2010க்குப் பிறகு திரும்பி வந்தா வயலில பாலையும் வீரையும் இல்லாட்டியும் பத்தையும் நாவலும் ஆளுயரத்துக்கு நிக்குது. செய்மதிப் படத்தில அது காடு. எல்லைக் கல்லும் நட்டாச்சு. துப்பரவாக்கப் போனா கைது, மிசின் பறிமுதல். இதில உமக்கு வேண்டியது பேச்சு இல்லை, பழைய சான்று. நில அளவைத் திணைக்களத்தின்ர பழைய ஒரு அங்குலப் படத் தாள், விமானப் படம், கமநல சேவை நிலையத்து வயற்காணிப் பதிவேடு, ஏக்கர் வரி கட்டின துண்டு, 1980களின் வாக்காளர் இடாப்பு, பழைய பள்ளிக்கூட வரவு, கோயில் கணக்கு. குளக்கட்டு, துருசு (குளத்துத் தண்ணி திறக்கிற மடை), வாய்க்கால் இருந்த இடத்தில வயல் இருந்தது எண்டது ஒரு பெரிய சான்று, ஆரும் காட்டுக்குள்ள சும்மா துருசு கட்டமாட்டினம். வர்த்தமானியையும் எடும், அட்டவணையில எல்லை எப்பிடி எழுதியிருக்கு, கல்லு நட்ட இடம் அந்த எல்லைக்குள்ளதானோ எண்டு லைசன்ஸ் உள்ள நில அளவையாளரை வைச்சு ஒப்பிடும். ஒதுக்குக் காடா வர்த்தமானியில வந்ததும், ஏனைய அரச காடு எண்டு 2001ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சுற்றறிக்கையால காட்டு இலாகாவின்ர கைக்குப் போனதும் ஒண்டில்லை, வாதமும் ஒண்டில்லை. அதே நேரம் நான் இதையும் சொல்ல வேணும், டிப்பர் வைச்சு மரம் ஏத்திற ஆக்களும் "எங்கட பூர்வீகக் காணி" எண்டு சொல்லிக்கொண்டுதான் வருவினம். காடு போனா குளத்துக்கு நீரேந்து பிரதேசம் இல்லை, குளம் மண் மூடிப் போகும். யாருக்காக நிக்கிறம் எண்டதை கேஸ் எடுக்க முந்தி போய்ப் பாத்துத் தீர்மானியும்.

மரக் கடத்தல், மணல் கடத்தல் வழக்குகள் கோட்டில தினம் வரும், வருமானமும் அதிலதான் கெதியா வரும். 2009 திருத்தத்துக்குப் பிறகு காட்டுச் சட்டத்தில வாகனம் பறிமுதல் இறுக்கம், வாகனச் சொந்தக்காரர் தான் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தவர் எண்டு காட்ட வேணும். மணலுக்கு 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டமும் சுரங்கப் பணியகத்தின்ர லைசன்சும். அதைப் பற்றி இஞ்ச கூட எழுதேல்லை, கோட்டில ரெண்டு மாசம் இருந்தா நீரே பழகிப்போடுவீர்.

தண்ணிக்கு வருவம், எனக்கு மனசுக்கு நெருக்கமானது இதுதான். பொதுக் குளம், பொது ஆறு இதுகளின்ர தண்ணியைப் பாவிக்கிற, நிருவகிக்கிற உரிமை 1947ஆம் ஆண்டு அரச காணிக் கட்டளைச் சட்டத்தால அரசாங்கத்திட்ட இருக்கு. அப்ப கமக்காரனுக்கு என்ன இருக்கு? கூட்டம் இருக்கு. 1946ஆம் ஆண்டு 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி ஒவ்வொரு போகத்துக்கும் முந்தி பயிர்ச்செய்கைக் கூட்டம் வைச்சு எப்ப தண்ணி திறக்கிறது, எத்தினை ஏக்கர், எப்ப விதைப்பு முடிய வேணும், மாடு எப்ப கட்ட வேணும் எண்டெல்லாம் தீர்மானிக்க வேணும், அந்தத் தீர்மானம் எல்லாரையும் கட்டுப்படுத்தும். சிறுபோகத்தில குளத்தில தண்ணி குறைவெண்டா ஆருக்கு எவ்வளவு பங்கு எண்டதும் அங்கதான் வரும். கூட்டக் குறிப்பில உம்மட கட்சிக்காரரின்ர ஆட்சேபனை பதியப்படாட்டி அவர் ஆட்சேபிக்கேல்லை எண்டுதான் பிறகு கணக்கு. கமக்காரர் அமைப்புகளுக்கு நான் எப்பவும் சொல்லுறது, கதைச்சா போதாது, எழுதிக் குடுங்கோ, குறிப்பின்ர பிரதி கேட்டு வாங்குங்கோ.

குளம் ஆற்ற கையில எண்டதும் முக்கியம். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கி வடக்கு மாகாணத்துக்குள்ளயே ஓடி முடியிறதால இரணைமடு மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ. மன்னார் கட்டுக்கரைக் குளத்துக்கு அருவியாற்றுத் தண்ணி, அதான் மல்வத்து ஓயா, அநுராதபுரப் பக்கத்தால வருது, தேக்கத்தில மறிச்சுத் திருப்பினது, ரெண்டு மாகாணத்தால ஓடுற ஆறு எண்டபடியால் மத்திய திணைக்களம். 200 ஏக்கருக்குக் குறைஞ்ச சின்னக் குளமெண்டா கமநல அபிவிருத்தித் திணைக்களம், 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சட்டம். ஆருக்குக் கடிதம் எழுதிறது, ஆரை எதிராளியாப் போடுறது எண்டு எல்லாம் இதால மாறும்.

இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டு போற திட்டம் வந்தபோது 2013 அளவில கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்து நிண்டது உமக்கு ஞாபகம் இருக்கும். அந்த விசயம் கோட்டுத் தீர்ப்பால முடியேல்லை. அணையை உயர்த்தினாலும் சிறுபோகத்துக்கு மிச்சம் வருமோ எண்ட கணக்கை அவை கேட்டுக்கொண்டே இருந்தவை, கடைசியில யாழ்ப்பாணத்துக்கு தாளையடியில கடல்நீரை நன்னீராக்கிற வழி எடுபட்டுது, 2024இல அது திறந்தது. குடிதண்ணிக்குத் தவிக்கிற சனமும் எங்கட சனம்தான், அதால இதில ஒரு பக்கம் மட்டும் நியாயம் எண்டு நான் சொல்லமாட்டன், ஆனா தண்ணி உரிமை எண்டு சட்டப் புத்தகத்தில தெளிவா எழுதாத ஒரு உரிமையை கூட்டத் தீர்மானங்களும் ஏக்கர் கணக்கும் வைச்சு எப்பிடிக் காக்கிறது எண்டதுக்கு இதை விட நல்ல பாடம் இல்லை. அந்தக் கால அறிக்கைகளைத் தேடி வாசியும்.

பக்கத்து வயல்காரன் வாய்க்காலை மறிச்சுப்போட்டான், வண்டிப் பாதையை வெட்டிப்போட்டான் எண்டு வாற சண்டைக்கு மாவட்ட நீதிமன்றம் போய் வருசக் கணக்கில இழுபடாதையும். முதனிலை நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின்ர 66ஆம் பிரிவு, 1979ஆம் ஆண்டு 44ஆம் இலக்கம், பயிர் செய்யிற உரிமை, வழி வாய்க்கால் உரிமை எல்லாம் அதுக்குள்ள வரும், சத்தியக்கடதாசி வைச்சே விசாரணை. உடைமையில இருந்து தள்ளுப்பட்டதெண்டா ரெண்டு மாசத்துக்குள்ள வர வேணும், சனம் ஆறு மாசம் ஊர்ப்பெரியவர், விதானை எண்டு திரிஞ்சுபோட்டுத்தான் வரும். கமநல ஆணையாளரிட்டயும் பயிர்ச்செய்கை உரிமைக்கு இடைஞ்சல் எண்டு முறைப்பாடு குடுக்கலாம், செலவில்லாத வழி.

வர்த்தமானி பாக்கிறதைப் பழக்கமாக்கும். 2025 மார்ச் 28இல காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ ஒரு வர்த்தமானி வந்தது, வடக்கில ஏறத்தாழ 5,940 ஏக்கர், மூண்டு மாசத்துக்குள்ள உரிமை கோராட்டி அரச காணி எண்டு. முல்லைத்தீவிலயும் கிளிநொச்சியிலயும் எவ்வளவு துண்டு அதுக்குள்ள. உறுதி தொலைஞ்ச சனம், கனடாவில இருக்கிற சனம், இந்தியாவில முகாமில இருக்கிற சனம் மூண்டு மாசத்தில என்ன செய்யும்? யூன் மாசம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டதால தப்பினது. ஆரோ வாசிச்சு, நேரத்துக்குப் போனபடியால்தான்.

தகவல் அறியும் சட்டத்தை, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம், கையில வைச்சிரும். பெமிட் லெட்ஜர் பிரதி, கூட்டக் குறிப்பு, காட்டு எல்லை வரைபடம், மணல் லைசன்ஸ் எல்லாம் கேக்கலாம், 14 வேலை நாளில தரலாமோ இல்லையோ எண்டு சொல்ல வேணும். வழக்குப் போட முந்தி ஒரு ஆர்டிஐ எண்டதை நான் விதியாவே வைச்சிருக்கிறன். சில நோட்டீசுகள் சிங்களத்தில மட்டும் வரும், அதைத் தமிழில தரச் சொல்லிக் கேக்க உரிமை இருக்கு, ஆனா நீர் சிங்களமும் வாசிக்கப் பழகும், அதிகாரியின்ர உள்ளக் கடிதம் என்ன சொல்லுது எண்டு தெரியாமல் வாதாட ஏலாது.

படிக்க வேண்டிய தீர்ப்பு எண்டா முதல்ல எப்பாவல வழக்கு, 2000ஆம் ஆண்டு, பொசுபேற்று சுரங்கத்துக்கு எதிரா அந்த ஊர்க் கமக்காரரும் ஒரு பிக்குவும் போனது. இயற்கை வளத்துக்கு அரசாங்கம் முழுச் சொந்தக்காரன் இல்லை, சனத்துக்காக வைச்சுக் காக்கிற பொறுப்பாளி எண்டு உயர் நீதிமன்றம் சொன்னது அதிலதான். பிறகு 2019இல சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் கலந்த வழக்கு, மின்நிலையக் கம்பெனியை 2 கோடி ரூபா கட்டச் சொன்னது. மன்னாரில இல்மனைற் மணல் பிரச்சினை பெரிசாகேக்க இந்த ரெண்டும் தேவைப்படும்.

சீவியம் எண்டு கேட்டனீர். முதல் வருசங்கள் நொத்தாரிசு வேலையும் சின்ன நீதவான் வழக்குகளும்தான் சோறு போடும், அதில வெக்கமில்லை. ஆனா ஒண்டு, பெமிட் காணியை வித்துத் தரச் சொல்லி அற்றோணித் தத்துவம், சத்தியக்கடதாசி எண்டு சுத்தி வளைச்சு எழுதக் கேப்பினம், நல்ல காசும் தருவினம். எழுதாதையும். அனுமதியில்லாத கைமாற்றம் செல்லாது, வாங்கினவர் வீடு கட்டின பிறகு நோட்டீஸ் வரும், அண்டைக்கு அவருக்கு 9ஆம் பிரிவில காட்ட உம்மட கையெழுத்துத்தான் இருக்கும், அது ஒண்டுக்கும் உதவாது. கமக்காரர் அமைப்புகளுக்கு வருசத்துக்கு ஒரு சின்னத் தொகைக்கு ஆலோசகரா இருக்கலாம், சட்ட உதவி ஆணைக்குழுவோட சேர்ந்து வேலை செய்யலாம், கொழும்பு சீனியருக்கு இஞ்சத்தைய சத்தியக்கடதாசியும் சான்றும் தயார் பண்ணிக் குடுக்கலாம், மூண்டும் சேர்ந்தா ஓடும்.

இந்த வருசக் காலபோகத்துக்கு முந்தின பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போய் பின்வாங்கில இருந்து கேளும், கறுப்புக் கோட்டுப் போடாமல். அதுக்கு முந்தி உம்மட ஊர்க் குளம் எது, அதின்ர துருசு ஆற்ற பொறுப்பில இருக்கு, கடைசிக் கூட்டக் குறிப்பு எங்க எடுக்கலாம் எண்டு கமநல சேவை நிலையத்தில கேட்டு எனக்கு எழுதும், அதில இருந்து தொடங்குவம்.